கல்லீரல் கட்டிக்கு இரத்தம் வரும் வழி

சென்ற ஆண்டு என் பெரியப்பாவுக்கு எடுத்த ஸ்கேன் அறிக்கையில், கல்லீரல் கட்டி "தமனிக் கட்டத்தில் ஒளிர்ந்து, பின்னர் மங்குகிறது" என்று எழுதியிருந்தது. அவருக்கு ஏற்கெனவே சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறும் நோய்) இருந்ததால், இந்த ஒரு குறியை வைத்தே, சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்காமல், புற்றுநோய் என்று மருத்துவர் உறுதி செய்தார். அது எப்படி என்ற கேள்வி என்னை வெகுநாள் விடவில்லை.

கல்லீரலுக்கு இரத்தம் இரண்டு வழிகளில் வருகிறது. ஏறத்தாழ முக்கால் பங்கு குடல், மண்ணீரல் பக்கமிருந்து போர்ட்டல் சிரை வழியாகவும், மீதி கல்லீரல் தமனி வழியாகவும் வந்து சேர்கிறது. தழும்பேறிய கல்லீரலில் ஒரு முடிச்சு மெல்லமெல்லப் புற்றாக மாறும்போது, அதற்குள் போர்ட்டல் கிளைகள் அருகிப்போய், இரத்தக்குழாய்களை வளரச் செய்யும் வி.இ.ஜி.எஃப். போன்ற புரதங்களின் தூண்டுதலால் புதிய தமனிக் கிளைகள் முளைக்கின்றன. முற்றிய கட்டி பெரும்பாலும் தமனியை நம்பியே வளர்கிறது. ஸ்கேனுக்காகக் கையில் செலுத்தும் சாயம் முதலில் தமனிக்கு வருவதால், அந்தத் 'தமனிக் கட்டத்தில்' கட்டி முந்தி ஒளிர்கிறது; சற்று நேரத்தில் போர்ட்டல் சிரை வழியே சுற்றியுள்ள ஈரலுக்குச் சாயம் பரவ, கட்டி மங்கித் தெரிகிறது.

பெரியப்பாவுக்குச் செய்த 'டேஸ்' சிகிச்சையும் இந்த வேறுபாட்டையே பயன்படுத்துகிறது. தொடை இடுக்கு வழியாக மெல்லிய குழாயைக் கட்டிக்குச் செல்லும் தமனிக் கிளை வரை கொண்டுபோய், மருந்தைச் செலுத்தி, அந்தக் கிளையை அடைத்துவிடுகிறார்கள். நல்ல ஈரலைப் போர்ட்டல் சிரை காப்பாற்றுகிறது. அதனால்தான் அந்தச் சிரைக்குள் கட்டி புகுந்திருக்கிறதா என்பதை முதலில் பார்த்தார்கள். இச்சிகிச்சை தகுந்த நோயாளிகளின் ஆயுளை நீட்டிக்கிறது என்பதை 2002இல் பார்சிலோனா, ஹாங்காங் ஆய்வுகள் காட்டின.

ஆனால் அடைப்பு எல்லாச் செல்களையும் கொல்வதில்லை. பிராணவாயு குறைந்து தப்பிப் பிழைத்தவை வி.இ.ஜி.எஃப்.ஐ இன்னும் கூடுதலாகச் சுரந்து, புதிய இரத்தக்குழாய்களை வரவழைக்கக்கூடும் என்பதைப் படித்தபோது மனம் கனத்தது. நோய் முற்றியவர்களுக்கு இந்தத் தூண்டுதலையே தடுக்கும் மாத்திரையான சோராஃபெனிப், 2008இல் வெளியான ஆய்வில் இடைநிலை ஆயுளை (பாதிப்பேர் உயிரோடிருக்கும் காலத்தை) 7.9 மாதத்திலிருந்து 10.7 மாதமாக உயர்த்தியது. சிறிய எண்தான், ஒரு குடும்பத்துக்கு அது சிறியதல்ல. 2020 முதல், வி.இ.ஜி.எஃப்.ஐத் தடுக்கும் பெவாசிசுமாபை நோயெதிர்ப்பு மருந்தான அட்டெசொலிசுமாபுடன் சேர்த்துக் கொடுப்பது அதைவிடக் கூடுதல் பலன் தருகிறது.

பெரியப்பாவுக்கு இரண்டு முறை டேஸ் முடிந்துவிட்டது. அடுத்த மாத ஸ்கேனில், தமனிக் கட்டத்தில் அந்த இடம் இருண்டே இருக்க வேண்டும் என்று காத்திருக்கிறோம்.