'காவலிலுள்ள ஆவிகள்': 1 பேதுரு 3:19-ஐ எந்த வரிசையில் படிப்பது

ரங்கூனில் தமிழ்ச் சபை இளையோருடன் 1 பேதுரு 3:18–22-ஐ ஐந்து அமர்வுகளில் படித்து முடித்தோம். நோவாவின் நாட்களில் கீழ்ப்படியாமற்போய்க் காவலிலுள்ள ஆவிகளுக்குக் கிறிஸ்து போய்ப் பிரசங்கித்தார் என்கிறது இது; அந்த ஆவிகள் யார், அவர் போனது எப்போது என்பதே கேள்வி. இதன் பொருள் தனக்கே உறுதியாகத் தெரியவில்லை என்று லூத்தர் எழுதிய பகுதி இது. எதை முதலில் படிப்பது, எதைப் பிறகு படிப்பது என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது.

முதல் அமர்வில் விளக்கவுரை எதையும் திறக்க வேண்டாம். தமிழ் வேதாகமமும் பென்சிலும் போதும். 19-ல் 'அவர் போய்', 22-ல் 'பரலோகத்திற்குப் போய்' இரண்டையும் அடிக்கோடிடுங்கள். கிரேக்கத்திலும் இரண்டு இடத்திலும் ஒரே சொல்தான். அடுத்து, 19-ல் 'பிரசங்கித்தார்', 4:6-ல் 'சுவிசேஷம் அறிவிக்கப்பட்டது'. மூலத்திலும் வினைகள் வேறு. நம் பழைய மொழிபெயர்ப்பு இதைக் காத்து வைத்திருப்பது நல்லதாயிற்று. 'பாதாளம்' இங்கே எங்கும் இல்லை; விசுவாசப் பிரமாணத்தில் 'பாதாளத்தில் இறங்கினார்' என்று சொல்லிப் பழகிய வாய்தான் அதை உள்ளே கொண்டுவருகிறது.

இரண்டாவதாக, நம் வேதாகமத்தில் இல்லாத பழைய யூத நூலான ஏனோக்கின் முதல் நூல், 6 முதல் 16 வரையுள்ள அதிகாரங்கள். சார்லஸின் 1912 ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசம். கலகம் செய்த தூதர்களிடம் ஏனோக்கு போய்த் தீர்ப்பை அறிவிப்பது அதில் வரும். இதைத் தாண்டிக் குதித்தால் பின்னால் எதுவும் பிடிபடாது.

மூன்றாவது, ஆதித் திருச்சபையின் ஆசான் அகஸ்தீனின் 164-ஆம் கடிதம்: நோவாவின் வாய்வழியே அன்று பிரசங்கித்தவர் கிறிஸ்துவே என்பது அவர் வாதம். அதை இக்காலத்தில் தாங்கிப்பிடிப்பது வெய்ன் குரூடமின் 1988 விளக்கவுரைப் பின்னிணைப்பு. எழுத்து தெளிவு.

அதன் பிறகுதான் இந்தப் பகுதியைப் பற்றி வில்லியம் டால்ட்டன் எழுதிய ஆய்வு நூல் (1965, திருத்திய பதிப்பு 1989). உயிர்த்தெழுந்தவர் மேலே ஏறிப்போகையில் கீழ்ப்படியாத தூதர்களுக்கு வெற்றியை அறிவித்தார் என்கிறார். அந்த இரண்டு 'போய்'தான் அவருக்கு அச்சாணி. எங்கள் ஓட்டும் அவருக்கே. முதலிலேயே அவரைக் கையில் எடுத்தால் கிரேக்கத்தில் மூழ்கிவிடுவீர்கள். இந்த நிருபத்தைப் பெற்ற சின்ன ஆசியாவினருக்கு (இன்றைய துருக்கி) ஏனோக்குக் கதை தெரியுமா என்ற நியாயமான கேள்விக்கு, கேரன் ஜோப்ஸின் 2005 விளக்கவுரையைப் பாருங்கள். சின்ன ஆசியாவின் அப்பமெயா நகரம் நோவாவின் பெயரையும் பேழையையும் பொறித்து நாணயமே வெளியிட்டது; ஆனால் அவை நிருபத்துக்குப் பிந்தியவை.

மொஃபாட்டின் ஆங்கில வேதாகம மொழிபெயர்ப்பை யாராவது கொண்டுவந்தால் உஷார். அதில் 19-ல் பிரசங்கிப்பவர் ஏனோக்கு! அது ஊகத் திருத்தம், எந்தக் கையெழுத்துப் பிரதியிலும் இல்லை.

இங்கே ஒரு தனிச் சிக்கல். இளையோர் பர்மிய வேதாகமத்தில்தான் சரளமாகப் படிக்கிறார்கள். அதில் ஆவிக்கு வரும் சொல் பாலி 'விஞ்ஞாண'த்திலிருந்து பிறந்தது. கேட்டதும் செத்த மனிதரின் ஆன்மா என்றே நினைக்கிறார்கள். 'அப்படியானால் நத்துகளா?' என்ற கேள்வியும் வந்தே தீரும். நத்துகள் என்பவை பர்மியர் வணங்கும் ஆவிகள்; அவற்றில் பல கோரமாகச் செத்த மனிதர்கள். டால்ட்டன் சொல்வது தூதர்களை. ஏனோக்கு படிக்கும் அன்றே இதைப் பிரித்துச் சொல்லிவிட வேண்டும். மின்சாரத்தை நம்ப முடியாது. தேவையான பக்கங்களை முன்கூட்டியே தாளில் எடுத்து வையுங்கள்.

21-ஆம் வசனத்தை இதோடு கலக்காதீர்கள். 'நல்மனச்சாட்சியின் உடன்படிக்கை' என்ற இடத்தில் மூலச்சொல்லுக்கு வேண்டுதல் என்றும் வாக்குறுதி என்றும் இரு கட்சி உண்டு. ஐந்தாம் அமர்வு முழுக்க அதற்கே சரியாகப் போயிற்று.