டாலர் என்று நினைத்த எண்

முதுகலை ஆய்வேட்டுக்கு இந்தியாவின் ஆயுத இறக்குமதியை எடுத்தேன். இதைத் தொடும் எவரும் கடைசியில் ஸ்டாக்ஹோமில் உள்ள சிப்ரி நிறுவனத்தின் வாசலில்தான் போய் நிற்க வேண்டும். 1966இல் தொடங்கிய அமைதி ஆராய்ச்சி மையம் அது. 1950 முதல் எந்த நாடு யாருக்கு என்னென்ன பெரிய ஆயுதம் கொடுத்தது என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். பார்க்கக் காசு கிடையாது.

நாட்டையும் ஆண்டையும் கொடுத்ததும் அட்டவணை வந்துவிட்டது. மேலே 'மில்லியன் டிஐவி' என்றிருந்தது. மில்லியன் டாலர்தான் என்று எடுத்துக்கொண்டு, அன்றைய மாற்று விகிதத்தால் பெருக்கி, கோடி ரூபாயாக்கி, இரண்டு வரைபடமும் போட்டு வழிகாட்டியிடம் நீட்டினேன்.

சார் ஒரே கேள்வி கேட்டார். "ஏம்மா, ரஷ்யாவிடம் வாங்கிய விக்கிரமாதித்யா விமானந்தாங்கிக் கப்பலுக்கு 2004இல் பேசிய விலை ஏறத்தாழ 97 கோடி டாலர். கடைசியில் 235 கோடியாச்சு. உன் அட்டவணையில் அந்த ஏற்றம் எங்கே?"

2004ஆம் ஆண்டு வரிசையில் தேடினேன். கப்பலே இல்லை. ஒப்பந்தம் போட்ட வருஷத்தில் அல்ல, கைக்கு வந்த வருஷத்தில்தான் சிப்ரி கணக்கில் சேர்க்கும். நமக்குக் கப்பல் வந்தது 2013 நவம்பரில்.

அப்புறம்தான் செய்முறை விளக்கத்தைத் திறந்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை. டிஐவி என்பது நாம் கொடுத்த விலையே அல்ல. ஓர் ஆயுதத்தைத் தயாரிக்க ஆகும் செலவை அடிப்படையாக வைத்து, அதன் படைத்திறனுக்குப் போடும் மதிப்பு. செலவு தெரியாவிட்டால் அதே வகை ஆயுதங்களோடு ஒப்பிட்டுப் போடுகிறார்கள். பழைய சரக்கு என்றால் புதியதில் 40 சதவீதம். நன்றாகப் புதுப்பித்துக் கொடுத்தால் 66 சதவீதம். பேரம் எவ்வளவு ஏறினாலும் கப்பல் அதே கப்பல்தானே! துப்பாக்கி போன்ற சிறு ஆயுதங்கள் பெரும்பாலும் இதில் வராது. ஒரு வருஷம் எகிறும், மறு வருஷம் படுக்கும் என்பதால் ஐந்தைந்து ஆண்டுகளாகச் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறார்கள்.

ராணுவச் செலவுக்குத் தனித் தரவுத்தளம். அங்கே நிஜமாகவே டாலர். நிம்மதி என்று நினைத்தேன். 2024க்கு இந்தியாவின் செலவு 8,610 கோடி டாலர் என்றது. நம் 2024-25 பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு 6.22 லட்சம் கோடி ரூபாய், அதாவது சுமார் 7,400 கோடி டாலர். மிச்சம் எங்கிருந்து வந்தது? இரண்டு ராத்திரி போனது. முதலில் பென்ஷனைச் சந்தேகப்பட்டேன். அதுவோ நம் 6.22க்குள்ளேயே இருக்கிறது. அடிக்குறிப்பில் விடை கிடைத்தது: உள்துறையின் கீழ் வரும் எல்லைப் பாதுகாப்புப் படை, சிஆர்பிஎஃப் போன்றவற்றின் செலவையும் சேர்த்திருக்கிறார்கள். போதாததற்கு அவர்கள் கணக்கு ஜனவரி முதல் டிசம்பர். நம்முடையது ஏப்ரல் முதல் மார்ச். ரூபாய்க்கு ரூபாய் பொருத்த என்னால் முடியவில்லை. இடைவெளிக்குக் காரணம் எழுத முடிந்தது, அதுவே சாருக்குப் போதுமாக இருந்தது.

வரைபடம் இரண்டையும் தூக்கிவிட்டேன். ரூபாய்க் குறி போட்டு அச்சடித்த அந்தப் பழைய பிரதியை மட்டும் சார் திருப்பித் தரவில்லை. அடுத்த பேட்ச் பிள்ளைகளுக்குக் காட்டுவாராம்.