ஈரக்காற்றும் மளிகை அலமாரியும்

சமையலறையை ஒழுங்குபடுத்துவது எப்படி என்று காட்டும் காணொளிகளில் பெரும்பாலும் ஒரே அளவிலான கண்ணாடிச் சாடிகள் வரிசையாக நிற்கும், ஒவ்வொன்றிலும் அழகிய எழுத்தில் பெயர் ஒட்டப்பட்டிருக்கும். பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் நாள்தோறும் தாளித்து, அரைத்து, வறுத்துச் சமைப்பவர்களுக்கு அந்த வரிசை பெரிதாக உதவுவதில்லை. இங்கே காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியாகவே 80 விழுக்காட்டுக்கு மேல் இருக்கிறது. விடியற்காலையில் 90ஐயும் தாண்டுகிறது. ஊரில் பங்குனி, சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் பாய் விரித்து மிளகாய், மல்லி, உளுந்து அனைத்தையும் காயவைத்து, ஓராண்டுக்குத் தேவையானதைப் பானைகளில் நிரப்பிக்கொண்ட பழக்கத்தை அப்படியே இங்கு கொண்டுவர முடியாது. மொட்டைமாடிக்குச் செல்ல வழியில்லை. காலையில் வெயிலடித்தாலும் பிற்பகலில் மழை வராது என்று சொல்வதற்கில்லை. ஆகவே பருப்பெல்லாம் ஓரிடம், மாவெல்லாம் ஓரிடம் என்று வகைப்படி அடுக்குவதைக் காட்டிலும், எந்தப் பொருள் எதனால் கெடும் என்று பார்த்து அதன்படி இடம் ஒதுக்குவதே இந்த ஊருக்குப் பொருத்தமானது என்பது என் கருத்து.

ஈரத்தால் கெடுபவை முதல் வகை. சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டியதும் காற்றிலுள்ள நீரை இழுத்துக்கொண்டு கரையத் தொடங்கிவிடும். இங்கே நாளின் பெரும்பகுதி அந்த அளவுக்கு மேல்தான் கழிகிறது என்பதால், திறந்த கிண்ணத்தில் வைத்த உப்பு கசிவதில் வியப்பில்லை. மிளகாய்த்தூள், சாம்பார்ப்பொடி, பெருங்காயத்தூள் ஆகியவை கட்டிதட்டுவதற்கோ காற்று மட்டும் காரணமன்று. கொதிக்கும் குழம்புக்கு மேல் டப்பாவைக் கவிழ்த்துத் தட்டும்போது ஆவி நேராக உள்ளே ஏறுகிறது. ஈரக்கரண்டி மிச்சத்தைக் கெடுத்துவிடுகிறது. பொடியை அடுப்பிலிருந்து தள்ளி நின்று ஒரு சிறு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு போட்டாலே டப்பாவின் ஆயுள் கூடும். அடுப்புக்கு நேர் மேலே உள்ள அலமாரி கைக்கு எட்டுவதாக இருந்தாலும், வெப்பமும் ஆவியும் ஒருசேர ஏறும் அவ்விடத்தில் மசாலாவை வைப்பதற்குப் பதிலாகத் தட்டுகளையும் தாம்பாளங்களையும் வைக்கலாம். அஞ்சறைப் பெட்டியின் உட்கிண்ணங்கள் இறுக்கமாக மூடாதவை என்பதால், ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அதில் நிரப்பி, மீதியைத் தனி டப்பாவில் இறுக மூடி வைப்பது நல்லது.

அடுத்தது பூச்சி. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் காற்றுப்புகா டப்பா வாங்கிவிட்டால் வண்டு வராது என்ற நம்பிக்கை நம் வீடுகளில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அரிசி வண்டு ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் நீளமே உள்ள பூச்சி. பெண்வண்டு அரிசிமணியில் துளையிட்டு, உள்ளே ஒரு முட்டை வைத்து, துளையை அடைத்தும் விடுகிறது. புழு அந்த மணிக்குள்ளேயே தின்று வளர்ந்து, வண்டாகித் துளைத்துக்கொண்டு வெளியே வர, நம் ஊர் வெப்பத்தில் ஒரு மாதம் போதும். அதாவது, ஆலையிலோ கிடங்கிலோ இடப்பட்ட முட்டையைத்தான் நாம் விலை கொடுத்து வாங்கி வருகிறோம். டப்பாவின் மூடி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் ஏற்கெனவே உள்ளே இருப்பதை அது தடுக்காது. முழுப்பயறுகளில் இதை நம் கண்ணாலேயே பார்க்கலாம். பச்சைப்பயறையோ கொண்டைக்கடலையையோ வெள்ளைத் தட்டில் பரப்பி வெளிச்சத்தில் பார்த்தால், சில மணிகளின் மேல் கடுகைவிடச் சிறிய வெண்புள்ளிகள் ஒட்டியிருக்கும். அவை பயறுவண்டின் முட்டைகள். புழு அங்கிருந்து நேராக மணிக்குள் குடைந்துகொண்டு போகும். தோல் நீக்கி உடைத்த பருப்பை இந்த வண்டு அவ்வளவாக நாடுவதில்லை என்பதால், துவரம்பருப்பைவிடப் பயறு வகைகளுக்குத்தான் கூடுதல் கவனம் தேவை.

இதற்கு நான் நம்புவது ஃப்ரீசரைத்தான். ரவை, கோதுமை மாவு, பயறு போன்றவற்றை வாங்கிவந்ததும் பையோடு நான்கு நாள் மைனஸ் 18 டிகிரியில் வைத்தால் முட்டை, புழு, வண்டு எல்லாமே மடிந்துவிடும். ஆனால் வெளியே எடுத்தபின் உடனே பையைப் பிரிக்கக் கூடாது. குளிர்ந்த மாவின்மேல் இந்த ஊர்க்காற்று பட்டால் நொடியில் பனித்துளி படியும். ரவை விரலில் ஒட்டும், பிறகு சிறு சிறு உருண்டைகளாகத் திரளும். பையை மூடியபடியே மேசைமேல் சில மணிநேரம் விட்டு, வெளிப்புறத்தில் படிந்த ஈரம் முழுவதும் காய்ந்தபின் திறந்து டப்பாவுக்கு மாற்றுவதே முறை. வசம்பு, காய்ந்த மிளகாய், வேப்பிலை போட்டு வைப்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. அவற்றின் வாடை புதிய பூச்சியை விரட்டலாம், ஆனால் மணிக்குள் ஏற்கெனவே இருக்கும் புழுவை எதுவும் செய்யாது.

அளவைப் பற்றியும் பேசியாக வேண்டும். ஊரிலிருந்து வரும் என் மாமியார் எங்கள் ஐந்து கிலோ அரிசிப் பையைப் பார்த்துவிட்டு, "இத்தனூண்டு வாங்கி எப்படிம்மா காலம் தள்ளுறே?" என்று கேட்பார். மின்தூக்கியில் இறங்கினால் கடை. பேருந்தில் ஏறினால் லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தை. நள்ளிரவைத் தாண்டியும் திறந்திருக்கும் முஸ்தஃபா பேரங்காடி வேறு. கடைக்காரர் வைத்துக்கொள்ளட்டுமே அந்த மூட்டையை! 2023ஆம் ஆண்டு ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்கு இந்தியா தடை விதித்தபோது, பொன்னிப் பைகளை வண்டியில் அடுக்கிக்கொண்டு போனவர்கள் பலர். புழுங்கலரிசிக்கு அந்தத் தடை இல்லை. பின்னர் 20 விழுக்காடு ஏற்றுமதி வரிதான் வந்தது. ஆகஸ்டு இறுதியில் சிங்கப்பூருக்கு இந்தியா விலக்கும் அறிவித்தது. இங்கே அரிசி இறக்குமதி செய்யும் நிறுவனங்கள் தங்களது மாத இறக்குமதியைப் போல் இருமடங்கைக் கையிருப்பில் வைத்திருக்க வேண்டும் என்ற விதி இருக்கும்போது, அந்தக் கிடங்கை நம் சமையலறையில் இன்னொரு முறை கட்ட வேண்டிய தேவை என்ன? அச்சத்தில் வாங்கிய அரிசியை மனிதர்கள் தின்று முடிப்பதற்குள் வண்டு முந்திக்கொள்ளும்.

மூன்றாவது வகை, எண்ணெய்ச் சத்துள்ளவை. நிலக்கடலை, எள், முந்திரி, கொப்பரை ஆகியவை வெப்பத்தாலும் காற்றாலும் சிக்குவாடை அடிக்கத் தொடங்கும். இவற்றுக்குக் குளிர்பதனப்பெட்டியே சரியான இடம். கடலையில் பூஞ்சை தெரிந்தாலோ, வாயில் போட்டதும் கசந்தாலோ, கழுவி வறுத்துவிடலாம் என்று எண்ணாமல் பையோடு குப்பையில் போட்டுவிட வேண்டும். சில பூஞ்சைகள் உண்டாக்கும் அஃப்ளடாக்சின் என்னும் நச்சு ஈரலைப் பாதிக்கக்கூடியது. வீட்டுச் சமையலின் சூட்டுக்கு அது முற்றிலும் அழிவதில்லை.

புளிக்குக் கண்ணாடி அல்லது பீங்கான் ஜாடி. அதன் புளிப்பு உலோகத்தை அரிக்கும். அப்பளம், வடகம், வற்றல் ஆகியவற்றை ஒரே பெரிய டப்பாவில் போடாமல், ஒருமுறை பொரிக்கும் அளவுக்குச் சிறு பைகளாகப் பிரித்து வைத்தால், ஒன்றைத் திறக்கும்போது மற்றவை நமுத்துப் போகா.

1990களின் பிற்பகுதிக்குப் பின் கட்டப்பட்ட வீடுகளில் தடித்த கான்கிரீட் சுவரும் எஃகுக் கதவும் கொண்ட, போர்க்கால ஆபத்தின்போது பதுங்குவதற்கான பாதுகாப்பறை இருக்கிறது. நம்மவர்களுக்கு அது இயல்பாகவே மளிகை அறையாகிவிடுகிறது. சன்னல் இல்லாத அவ்வறையில் கதவை மூடியே வைத்திருந்தால் காற்று தேங்கிப் புழுங்கும். இறுக மூடிய எவர்சில்வர் டப்பாக்களுக்கும் எண்ணெய்ப் புட்டிகளுக்கும் அது ஏற்றது. வெங்காயத்துக்கும் பூண்டுக்கும் ஏற்றதன்று. அவற்றுக்குக் கம்பிக்கூடையும் காற்றோட்டமும் வேண்டும். உருளைக்கிழங்குக்குக் காற்றோட்டத்தோடு நிழலும் வேண்டும். வெளிச்சம் பட்டுத் தோல் பச்சையாகும்போது அதில் நச்சுப்பொருளும் கூடுகிறது.

நான் பெரிய அளவில் வாங்குவது தீபாவளிக்கு மட்டும். அப்போதுகூட அரிசிமாவையும் உளுந்துமாவையும் பலகாரம் சுடும் வாரத்தில்தான் வாங்குகிறேன். சுட்ட முறுக்கை அகன்ற தட்டில் பரப்பி, நடுப்பகுதியைத் தொட்டாலும் சூடு தெரியாத அளவுக்கு ஆறியபின்தான் டின்னில் அடுக்க வேண்டும். இளஞ்சூட்டோடு மூடினால் மூடியின் உட்புறம் வியர்த்து, மறுநாளே முறுக்கு நமுத்துவிடும். அக்கம்பக்கத்தாருக்குக் கொடுப்பதற்கானதை முதல் நாளே தனி டின்னில் பிரித்து வைத்துவிட்டால், கதவு தட்டும் ஒவ்வொரு முறையும் பெரிய டின்னைத் திறக்க வேண்டியிருக்காது. மீந்த மாவு பையில் தேதி எழுதப்பட்டு ஃப்ரீசருக்குப் போகும். அடுத்து வரும் வாரங்களில் இடியாப்பத்துக்கும் கொழுக்கட்டைக்கும் அதுதான் முதலில் தீர வேண்டும்.