வார்ட்பர்க் கோட்டையில் ஒரு மரச்சுவர் அறை

ஜெர்மனியின் ஐசனாக் ஊரிலிருந்து வார்ட்பர்க் கோட்டைக்கு நடந்தே ஏறினேன். காட்டுக்குள் போகிற செங்குத்தான பாதை. இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டேன். வண்டியில் போயிருக்கலாம். ஆனால் பிறந்ததிலிருந்து லுத்தரன் சபையில் வளர்ந்த எனக்கு, இந்த மலையைக் காலால்தான் ஏற வேண்டும் என்றிருந்தது.

மண்டபங்களும் ஓவியங்களும் அழகுதான். என் கால் நின்றதோ, எங்கள் சபைக்குப் பெயர் தந்த சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் தங்கியிருந்த அறையில். பலகை அடித்த சுவர், ஒரு மேசை, கணப்பு, கால் வைத்துக்கொள்ள ஒரு திமிங்கலத்தின் முதுகெலும்புத் துண்டு. அவர் எழுதிய மேசை இப்போது இல்லை. வந்தவர்கள் சிராய் சிராயாகப் பெயர்த்துப் போய்விட்டார்கள். பிசாசின்மேல் மைக்கூட்டை எறிந்தார் என்ற கதையை நம்பிச் சுவர்ப் பூச்சையும் சுரண்டியிருக்கிறார்கள்.

1521 ஏப்ரலில் வோர்ம்ஸ் நகரில், பேரரசர் ஐந்தாம் சார்லஸ் முன்னால், போப்பின் சபையை எதிர்த்து எழுதியதைத் திரும்பப் பெற மாட்டேன் என்றார் லூத்தர். ஊர் திரும்பும் வழியில் குதிரைவீரர்கள் அவரைக் கடத்தினார்கள். அவர் உயிரைக் காக்க அப்படிக் கடத்தச் சொன்னவர் சாக்சனியின் ஆட்சியாளர் பிரடெரிக். தாடி வளர்த்து, யுங்கர் யோர்க் என்று பெயர் மாற்றி, பத்து மாதம் இங்கே ஒளிந்திருந்தார். தூக்கமில்லை, மலச்சிக்கல், மனச்சோர்வு. யோவான் நாடுகடத்தப்பட்டிருந்த பத்மு தீவை நினைத்து, இந்த இடத்தைத் தம்முடைய பத்மு என்றார். அந்தச் சோர்வுக்குள் உட்கார்ந்துதான், அறிஞர் எராஸ்மஸ் பதிப்பித்த கிரேக்கப் புதிய ஏற்பாட்டைச் சுமார் 11 வாரங்களில் ஜெர்மனுக்குக் கொண்டுவந்தார். 1522 செப்டம்பரில் அது அச்சாகி வந்தது. வீட்டிலிருக்கும் தாயையும், தெருப் பிள்ளைகளையும், சந்தையில் நிற்கும் சாமானியனையும் கேட்டு, அவர்கள் வாயைப் பார்த்து மொழிபெயர்க்க வேண்டும் என்று பின்னாளில் எழுதினார்.

என் அம்மா படித்தது மூன்றாம் வகுப்பு. விடியற்காலையில் வேதத்தை மடியில் வைத்து, வரிக்குக் கீழே விரலை நகர்த்தி, எழுத்துக்கூட்டிச் சத்தமாக வாசிப்பார். நீளமான சொல் வந்தால் விரல் நிற்கும். மறுபடி அந்தச் சொல்லின் முதலெழுத்துக்குப் போகும். லூத்தரின் வழியில் வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கி, பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்று, 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டிராவிட்டால் அந்த விரல் எதன்மேல் நகர்ந்திருக்கும்?

லூத்தரிடம் என்னைக் கலங்கவைப்பதும் உண்டு. 1543-இல் யூதருக்கு எதிராக அவர் எழுதியவை கொடியவை. தாயின் வாயைப் பார்க்கச் சொன்னவர் யூத வீடுகளின் தாய்மாரைப் பார்க்காமல் போனாரே என்று அங்கே நின்றபோதும் நெஞ்சு அடைத்தது.

கூட்டம் நகர்ந்த பிறகு தமிழ் வேதத்தில் ரோமர் முதல் அதிகாரத்தை எடுத்து மெதுவாக வாசித்தேன். "விசுவாசத்தினாலே நீதிமான் பிழைப்பான்." அந்த அறையில் தமிழ் கேட்டபோது கண் நிறைந்துவிட்டது.

சாயங்காலம் அம்மாவுக்குப் போன் செய்தேன். 

"அங்க கோயில்ல எந்த பாஷையிலப்பா வேதம் வாசிக்கிறாங்க?"

"அவங்க பாஷையிலதாம்மா."

"நல்லது. சரி, ராத்திரி ஜெபத்துக்கு நேரமாச்சு, வைக்கிறேன்" என்றார்.