காக்கி கேட்டால்

என் அப்பா காமயகவுண்டன்பட்டியிலிருந்து ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு மலையேறியவர். நான் பிறந்து வளர்ந்தது குமுளிப் பக்கம், வேலை கேரளா போலீசில். ஸ்டேஷனில் சொந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலே சிரிப்பார்கள். மலையாளத்தில் பட்டி என்றால் நாய். "இவன்றெ நாட்டில் எல்லா ஸ்தலவும் பட்டியாணல்லோ" என்று ஒரு எஸ்.ஐ. வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிவிடுவார். ஆதரவற்ற நாய்களுக்கு வீடு தேடும் வேலை ஸ்டேஷனுக்கு வந்தபோது அது யார் தலையில் விழுந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்ற ஒரு சிஸ்டர், பழைய ஏலக்காய் ஸ்டோர் ஒன்றில் முப்பது நாற்பது நாய்களை வைத்துச் சோறு போட்டுக்கொண்டிருந்தார். மலையில் நாய்கள் அநாதையாவதற்கென்றே ஒரு காரணம் உண்டு. லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடு கம்பெனிக்குச் சொந்தம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வீட்டைக் காலி செய்துவிட்டுக் கம்பத்துக்கோ உத்தமபாளையத்துக்கோ இறங்கிவிட வேண்டும். சாமான் ஜீப்பில் கட்டில் ஏறும், பீரோ ஏறும், கோழிக்கூண்டுகூட ஏறும். நாய் ஏறாது. முதல் வளைவு வரை பின்னாலேயே ஓடி வரும், அப்புறம் நின்றுவிடும். இது போதாதென்று, கீழேயிருந்து கொண்டுவந்து மலையடிவாரத்து லோயர் கேம்ப்புக்கு மேலே காட்டுப்பாதையில் இறக்கிவிட்டுப் போகிறவர்களும் இருந்தார்கள்.

சிஸ்டர் முதலில் ஸ்டேஷனுக்கு வந்தது வீடு தேடச் சொல்லி அல்ல, கேஸ் போடச் சொல்லி. 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி, வளர்த்த பிராணியைப் பசியில் தவிக்கும்படி கைவிடுவது குற்றம்தான். முதல் தடவை பிடிபட்டால் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. ஆமாம், ஐம்பது ரூபாய். சாட்சிக்கு டீயும் பழம்பொரியும் வாங்கிக் கொடுத்தாலே அதைவிட அதிகம் ஆகிவிடும். ரைட்டர் சட்டப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "சிஸ்டரே, வேற வழி நோக்காம்" என்றார்.

அந்த வேற வழியை இன்ஸ்பெக்டர் செல்போனில் கண்டுபிடித்தார். அமெரிக்காவில் போலீஸ்காரர்கள் காப்பகத்து நாயை ரோந்துக் காரில் உட்கார வைத்து வீடியோ எடுத்துப் போடுகிறார்கள், பார்க்கிறவர்கள் வந்து தத்தெடுத்துக்கொள்கிறார்கள். கேரளாவில் 2008ல் தொடங்கிய ஜனமைத்ரி திட்டத்தால் வீடு வீடாகப் போய்ப் பழகும் பீட் போலீஸ் எங்களிடமும் உண்டு. நாமும் செய்தால் என்ன?

செய்தோம். இன்ஸ்பெக்டர் தொப்பியோடு ஒரு குட்டியைத் தூக்கி நிற்கும் படம் வாட்ஸ்அப்பில் மலை முழுக்கச் சுற்றியது. போன் நிற்கவில்லை. முக்கால்வாசிப் பேர் கேட்டது ஒரே கேள்வி: "லேப் இருக்கா சார்? ஜெர்மன் ஷெப்பர்டு?" கோம்பை நாய்க்குப் பேர்போன ஊர் மலைக்கு அந்தப் பக்கம், பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும். ஆனால் நாட்டு நாய் என்று சொன்னதும் போனை வைத்துவிடுவார்கள். பெட்டைக்குட்டி என்றால் இன்னும் சீக்கிரம் வைப்பார்கள்.

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டேஷன் முற்றத்திலேயே முகாம் போட்டோம். கடைக்காரர், ஆட்டோக்காரர், ஜீப் டிரைவர் என்று தெரிந்த ஆட்களையெல்லாம் கூப்பிட்டோம். மத்தியானத்துக்குள் பதினான்கு குட்டிகளும் போய்விட்டன. சிஸ்டர் அழுதுவிட்டார். எனக்கும் மார்பு கொஞ்சம் விரிந்தது, மறைக்க மாட்டேன்.

எல்லாம் இரண்டு மாதக் குட்டிகள். ரேபிஸ் ஊசி மூன்று மாதம் ஆன பிறகுதான் போடுவார்கள். அந்த ஊசிச் சான்று இருந்தால்தான் பஞ்சாயத்தில் நாய் லைசென்ஸ் எடுக்க முடியும். அதனால் அடுத்த மாதம் ஊசிக்குக் கூட்டி வரச் சொல்லியிருந்தோம். அன்றைக்கு வந்தவை ஐந்து.

மற்ற ஒன்பதையும் தேடிப் போனேன். ஒன்று வயிற்றுப்பூச்சி வந்து செத்துப்போயிருந்தது. இரண்டை மச்சான் வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்களாம், எந்த மச்சான் என்று கேட்டால் பதில் இல்லை. ஒன்றை நானே செக்போஸ்ட் பக்கம் பார்த்தேன், விலா எலும்பு தெரிய லாரி டயரை நக்கிக்கொண்டிருந்தது. அதை வாங்கிப்போனவர் நான் நன்றாகப் பழகிய ஆட்டோக்காரர். கேட்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"சார், என் சம்சாரத்துக்கு நாய்னா ஆகாது. வீட்டுல இடமும் இல்ல. ஆனா ஸ்டேஷன்ல கூப்பிட்டு நீங்க கையில குடுக்கறப்ப எப்படி சார் முடியாதுன்னு சொல்றது? நாளைக்கு ஆர்.சி. புக்கு, இன்சூரன்ஸ்னு வண்டியை நிறுத்துவீங்களேன்னு..."

நான் அவர் வண்டியை ஒரு நாளும் நிறுத்தியதில்லை. ஆனால் நிறுத்த முடியும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். காக்கி எதைக் கேட்டாலும் கேட்கிறவர் காதில் அது உத்தரவாகத்தான் விழுகிறது. கைநீட்டி வாங்கக் கூடாது என்று எங்களுக்குப் பாடம் எடுத்தவர்கள் உண்டு. கைநீட்டிக் கொடுப்பதிலும் சிக்கல் இருக்கும் என்று யாரும் சொல்லித்தரவில்லை.

அதோடு முகாமை நிறுத்திவிட்டோம். எனக்கு உதவியது படமோ தொப்பியோ அல்ல, பீட் நோட்டுப் புத்தகம்தான். எந்த வீட்டில் கிழவி தனியாக இருக்கிறாள், எந்த வீட்டு நாயைப் போன மாதம் புலி தூக்கியது (எங்கள் பக்கம் சிறுத்தைக்கும் புலி என்றுதான் பெயர்), எந்த ஸ்டோர் வாட்ச்மேன் தன் சோற்றில் பாதியைத் தெருநாய்க்கு வைக்கிறார் என்பதெல்லாம் பீட் போகிறவனுக்குத் தெரியும். போய்க் கேட்க மாட்டேன். சிஸ்டரிடம் பெயரை மட்டும் சொல்வேன். அவர் சேலையும் குடையுமாக அந்த வழியில் நடந்து போவார், நாயும் கூடப் போகும். அவர்களாக "இது யாரு சிஸ்டரே?" என்று கேட்டால்தான் பேச்சு. யானை வருகிற பக்கத்து வீடுகளுக்குக் கொடுப்பதில்லை. நாய் குரைத்துவிட்டு வீட்டுக்கு ஓடி வரும், பின்னாலேயே யானையும் வரும். வருஷத்துக்கு ஏழெட்டு நாய்தான் போகும். இன்ஸ்பெக்டருக்கு இந்தக் கணக்கு பிடிக்கவில்லை.

2020 ஆகஸ்டில் மூணாறு பக்கம் பெட்டிமுடியில் நிலச்சரிவு வந்து லயங்கள் மண்ணுக்குள் போய் எழுபது பேர் இறந்தார்கள், பெரும்பாலும் நம் தமிழ் ஜனங்கள். நான் பந்தோபஸ்துக்குப் போயிருந்தேன். காணாமல் போன இரண்டு வயதுக் குழந்தையின் உடலை எட்டாம் நாள் ஆற்றங்கரையில் காட்டிக்கொடுத்தது அந்த வீட்டு நாய் குவி. அதை நான் நேரில் பார்க்கவில்லை. பிறகு இடுக்கி மாவட்டப் போலீஸ் நாய்ப்படை குவியைத் தத்தெடுத்துக்கொண்டது. எல்லாரும் பாராட்டினார்கள், நியாயம்தான். ஆனால் உயிர்தப்பிய அந்தக் குழந்தையின் பாட்டி தனக்கு நாய் வேண்டும் என்று கேட்டார். சில மாதங்கள் கழித்து, காக்கி அதைத் திருப்பிக் கொடுத்தது. எங்கள் டிபார்ட்மெண்ட் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த இரண்டாவது காரியம்தான்.

செக்போஸ்டில் டயர் நக்கிய குட்டியை இப்போது ஒரு ஸ்டோர் வாட்ச்மேன் வைத்திருக்கிறார். போன வாரம் அந்தப் பக்கம் பீட் போனேன். கேட்டருகே போவதற்குள் பல்லைக் காட்டிக்கொண்டு பாய்ந்தது.

"காக்கியக் கண்டாத்தான் சார் இப்படி," என்றார் அவர் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு. "போஸ்ட்மேன் வந்தாலும் இதே கூத்துதான்."