நூறு சதவீதம் எப்படி வருகிறது?

தேர்வு முடிவு வந்த மறுநாளே ஊர் முழுக்க பேனர்கள் வந்துவிடுகின்றன. முதலிடம், இரண்டாமிடம் அறிவிப்பதைத் தமிழக அரசு 2017இல் நிறுத்திவிட்டது, ஆனால் ‘நூறு சதவீதத் தேர்ச்சி’ என்ற வரி மட்டும் போகவில்லை. எட்டாம் வகுப்பு வரை யாரையும் ஃபெயிலாக்கக் கூடாது, பத்தில் பொதுத்தேர்வு, அதனால் சில தனியார் பள்ளிகள் ஒன்பதாம் வகுப்பில் வடிகட்டுகின்றன. பெற்றோரைக் கூப்பிட்டு, “பையனுக்கு இங்க கஷ்டம், டிசி வாங்கிட்டு வேற ஸ்கூல்ல சேத்துடுங்க” என்பார்கள். அவன் பக்கத்து அரசுப் பள்ளிக்குப் போகிறான், அப்புறம் அங்கே ரிசல்ட் குறைவு என்று அதே ஊர் பேசும். எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

பதினொன்றாம் வகுப்புப் பாடத்தையே ஒதுக்கிவிட்டு இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தையே ஓட்டிய பள்ளிகளும் உண்டு. அதைத் தடுக்கவும்தான் 2017-18இல் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு வந்தது. இப்போது 2025-26 முதல் அதை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்குப் பாரம் குறையும், சரி, ஆனால் கணக்கில் வகையிடலின் (டிஃபரன்ஷியேஷன்) அடிப்படையெல்லாம் பதினொன்றில்தான் இருக்கிறது, அதை நடத்தாமல் விட்டால் அடி விழப்போவது இன்ஜினியரிங் முதல் செமஸ்டரில்.

பள்ளியால் என்ன ஆகிவிடும், எல்லாம் வீட்டுச் சூழல்தான் என்பவர்கள் அமெரிக்காவில் 1966இல் வந்த கோல்மன் அறிக்கையைக் காட்டுவார்கள். குடும்பப் பின்னணிதான் பெரிய காரணம் என்று அது சொன்னது உண்மை. ஆனால் கறுப்பினத்தவர் போன்ற சிறுபான்மைப் பிள்ளைகளின் படிப்பு மற்றவர்களுடையதைவிட அதிகமாகப் பள்ளியையும் ஆசிரியரின் தரத்தையும் நம்பியிருக்கிறது என்றும் அதே அறிக்கை சொன்னது, அதை யாரும் எடுத்துக் காட்டுவதில்லை.

எங்கள் பக்கத்து அரசுப் பள்ளியில் ஒரு கணக்கு டீச்சர் இருக்கிறார். ‘மெல்லக் கற்போர்’ என்று பட்டியலிட்ட பிள்ளைகளுக்கு 35 மார்க்குக்கான மினிமம் மெட்டீரியலை மட்டும் கொடுத்து உருப்போட வைப்பதுதான் பல இடங்களில் வழக்கம். இவர் அப்படிச் செய்யாமல், குறை எண்களைக் கழிக்கத் தெரியாத பத்தாம் வகுப்புப் பையனை உட்காரவைத்து, கீழ்வகுப்புப் புத்தகத்திலிருந்து பொறுமையாக ஆரம்பிக்கிறார். அவன் வாங்கப்போவது ஐம்பதோ அறுபதோதான். எந்தப் பேனரிலும் அது வராது, ஆனாலும் சென்டம் வாங்கும் பிள்ளைக்குச் சென்டம் வாங்க வைப்பதைவிட எனக்கு இதுதான் பெரிய வேலை.

அடுத்த தடவை அட்மிஷனுக்குப் போகும்போது தேர்ச்சி சதவீதத்தோடு இதையும் கேளுங்கள்: போன வருடத்துக்கு முந்தைய வருடம் ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் உங்கள் பள்ளியிலேயே பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினார்கள்?