‘ச’ மேல் ஒரு புள்ளி

கல்யாணப் பத்திரிகை ஒன்றுக்குப் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். மணமகள் பெயர் சரண்யா. திரையில் ‘ச்ரண்யா’ என்று நின்றது. சரி, கை தவறிப் புள்ளி விழுந்திருக்கும் என்று அழிக்கப் பார்த்தேன், போகவில்லை. பக்கத்தை மேலே தள்ளினால் பெயர் நகர்ந்தது, புள்ளி மட்டும் அங்கேயே இருந்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தால் அது கறுப்புப் புள்ளியே இல்லை, வெளிர்நீலம். தேடினால் வரிசையாக இன்னும் ஏழெட்டு. பிரிண்ட் எடுத்துப் பார்த்தேன், காகிதத்தில் ஒன்றும் இல்லை.

கும்பகோணத்தில் சின்னதாக டிடிபி கடை வைத்திருக்கிறேன். இந்தக் கம்ப்யூட்டர் 2009இல் வாங்கியது. இன்டெல் ஜி31 சிப்செட் போர்டு, கோர் 2 டுவோ, 1 ஜிபி டிடிஆர்2 ராம் (நினைவகம்) இரண்டு, 32 பிட் விண்டோஸ் 7. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியோடு மைக்ரோசாஃப்ட் ஆதரவு முடிந்துவிட்டதால் இதில் நெட் கிடையாது, பென் டிரைவ்தான். ‘இன்னுமா இதை வைத்திருக்கிறாய்?’ என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: பேஜ்மேக்கர் 7இல் பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோயில் அழைப்பிதழ்கள் எல்லாம் இதில் இருக்கின்றன. பன்னிரண்டு வருடம் கழித்துக் கும்பாபிஷேகம் வரும்போது, ‘போன தடவை அடித்த மாதிரியே வேண்டும்’ என்று வந்து நிற்பார்கள்.

மானிட்டர்தான் போய்விட்டது என்று நினைத்து, பக்கத்து ஜெராக்ஸ் கடையிலிருந்து ஒன்றை இரவல் வாங்கி மாட்டினேன். அதிலும் அதே புள்ளிகள். இரண்டு நாளில் அடுத்த கட்டம். திரை ஒரு நொடி கறுத்து, திரும்பி வந்து, டிஸ்பிளே டிரைவர் (திரையில் படம் வரவைக்கும் மென்பொருள்) நின்றுபோய் மீண்டுவிட்டதாக ஓரத்தில் ஒரு செய்தி. அப்புறம் நீலத்திரை. அதில் இன்டெல் கிராபிக்ஸ் டிரைவரின் கோப்புப் பெயர் அப்பட்டமாக எழுதியிருந்தது.

வழக்கமாக வரும் மெக்கானிக் தம்பி பார்த்துவிட்டு, “பேரையே போட்டுக் காட்டுது பாருங்கக்கா, டிரைவர்தான்” என்றான். எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டான். மறுநாள் அதே கதை. பழைய பதிப்பைப் போட்டான். அதுவும் அப்படியே. ‘ஃபார்மட் பண்ணிடலாம்க்கா’ என்ற கட்டத்தில்தான் வேண்டாம் என்று அனுப்பிவைத்தேன். ஆடி மாதம் கல்யாணம் நடக்காதுதான், ஆனால் ஆவணி முகூர்த்தத்துக்கான பத்திரிகை முழுக்க ஆடியில்தான் அச்சாகும். ஃபார்மட் போட்டு எழுத்துருக்களை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருக்க நேரமில்லை.

அன்று சாயங்காலம் பூட்டுவதற்கு முன் ஒரு தடவை அணைத்துப் போட்டேன். விண்டோஸ் சின்னம் கறுப்புத் திரையில் மின்னிக்கொண்டு வரும்போதே புள்ளிகள் தெரிந்தன. அந்த நேரத்தில் இன்டெல் டிரைவர் ஏறியிருக்கவே இருக்காது. சேஃப் மோடிலும் போய்ப் பார்த்தேன், அங்கே ஓடுவது விண்டோஸின் சாதாரண விஜிஏ டிரைவர். அங்கேயும் புள்ளி. குற்றவாளி ஊருக்கு வருவதற்கு முன்பே திருட்டு நடந்திருக்கிறது என்றால் ஆள் வேறு.

ராமைக் கழற்றி, தங்க நிறக் கால்களை அழிரப்பரால் தேய்த்து மாட்டினேன் (நம் ஊரில் கம்ப்யூட்டருக்கு இதுதான் முதல் கஷாயம்). கேட்கவில்லை. பென் டிரைவில் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 பிளஸ் ஏற்றி ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். காலையில் வந்து பார்த்தால் பிழை சுழியம். ராமில் பழுதில்லை என்று எழுதியே வைத்துவிட்டேன். ஏமாந்தது இங்கேதான்.

ராம் நன்றாக இருந்தால் போர்டிலிருக்கும் கிராபிக்ஸ்தான் போய்விட்டது. நானூறு ரூபாய்க்கு ஒரு பழைய ஜீஃபோர்ஸ் 210 கிராபிக்ஸ் அட்டை வாங்கினேன். அதற்கு விண்டோஸ் 7இல் கடைசி டிரைவர் 342.01, 2016 டிசம்பரில் வந்தது. மகளின் லேப்டாப்பில் இறக்கிப் போட்டேன். புள்ளிகள் மாயம். மெக்கானிக் தம்பிக்குப் போன் செய்து பெருமையடித்துக்கொண்டேன்.

மூன்று நாள்தான். கட்சிக்காரர் ஒருவர் கொடுத்த ஜிப் கோப்பு சிஆர்சி பிழை (உள்ளே இருக்கும் தரவு கெட்டிருக்கிறது) என்று திறக்க மறுத்தது. அதே பென் டிரைவை லேப்டாப்பில் போட்டால் திறந்தது. திரும்ப இதில் போட்டால் ஒரு தடவை சரி, ஒரு தடவை தப்பு. கோப்பு கெட்டிருந்தால் எப்போதும்தானே கெட்டிருக்க வேண்டும்? பேஜ்மேக்கரும் சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொள்ள ஆரம்பித்தது. கண்ணில் இருந்த நோய் தலைக்கு ஏறியது போல.

வேறு வழியில்லாமல் மறுபடி மெம்டெஸ்ட். இருபது நிமிடத்தில் திரை முழுக்கச் சிவப்பு வரிகள். எல்லா முகவரியும் 2 ஜிபியின் கடைக்கோடியில். அப்போதுதான் மேலே காட்டிய ராம் அளவைக் கவனித்தேன். போன தடவையைவிடச் சில எம்பி கூடியிருந்தது.

விஷயம் இதுதான். போர்டிலேயே இருக்கும் கிராபிக்ஸுக்குச் சொந்த நினைவகம் கிடையாது. பொது ராமின் உச்சியில் ஒரு பகுதியை பயாஸ் (கம்ப்யூட்டரைப் போட்டதும் முதலில் ஓடும் புரோகிராம்) அதற்கென்று ஒதுக்கிப் பூட்டிவிடும். வாடகை வீட்டில் மாடி அறையை மட்டும் வீட்டுக்காரர் பூட்டிச் சாவியை வைத்துக்கொள்வாரே, அப்படி. மெம்டெஸ்ட் அந்த அறைக்குள் போகவே போகாது. என் ராமில் ஓட்டை சரியாக அந்த அறையில். திரையில் தெரியவேண்டிய படம் அங்கே கிடப்பதால் புள்ளி. கிராபிக்ஸ் தன் கணக்குகளையும் அங்கேதான் வைத்திருக்கும், அது குழம்பியதும் டிரைவர் விழுந்தது, பழியும் அதன் பெயரில். தனி அட்டை வந்ததும் பூட்டுத் திறந்தது, விண்டோஸ் அங்கே குடியேறியது, அதன்பின் ஜிப்பும் பேஜ்மேக்கரும் மாட்டிக்கொண்டன.

எந்த ராம் என்று முகவரி சொல்லாது. இரண்டும் ஜோடியாக ஓடும்போது தரவு மாறி மாறி இரண்டிலும் விழும். ஒவ்வொன்றாகத் தனியே போட்டு, இடம் மாற்றியும் போட்டு ஓட்டினேன். எந்த இடத்தில் போட்டாலும் ஒன்றிலேயே பிழை வந்தது. அதனால் போர்டு தப்பித்தது. பழைய சாமான் கடையில் 1 ஜிபி டிடிஆர்2 இருநூறு ரூபாய். வாங்கி, அட்டை செருகியிருக்கும்போதே இரண்டு ராத்திரி ஓட்டினேன். சுத்தம்.

அப்புறம் ஜீஃபோர்ஸ் டிரைவரை நீக்கி, அட்டையையும் கழற்றிவிட்டேன். அதன் விசிறி அரவை மிஷின் மாதிரி கத்துகிறது. பத்திரிகை அடிக்க போர்டு கிராபிக்ஸே போதும். ‘சரண்யா’ இப்போது திரையிலும் சரண்யாதான். அட்டையை விற்க மனமில்லை, மேஜை டிராயரில் சாவிக்கொத்துக்குப் பக்கத்தில் கிடக்கிறது. மெம்டெஸ்ட் ஓட்டுகிற நாளில் மட்டும் எடுத்துச் செருகுவேன், மாடி அறையைத் திறக்க.